ரொறன்ரோவை விட்டு வடக்கே வருகிறீர்களா? ஹாலிபர்ட்டன்–கவார்த்தா லேக்ஸ்–புரோக் தொகுதிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரொறன்ரோவை விட்டு வடக்கே குடிபெயர நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது வீட்டு விலை, அடுத்தது பனி, அதற்கடுத்தது வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது. எந்தத் தொகுதி, யார் எம்பிபி (மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்), எந்த அலுவலகம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஸ்காபரோவில் இருந்தவரை நானும் கேட்டதில்லை, ஏனென்றால் அங்கே அது தெரியாமலேயே காலம் ஓடிவிடும். குப்பை வண்டி வரும், பஸ் வரும், ஏதாவது சிக்கல் என்றால் தெரிந்த ஒருவர் தமிழிலேயே சொல்லித்தருவார்.

இந்தத் தொகுதியின் வடக்கே உள்ள மிண்டன் ஊருக்கு வெளியே வீடு எடுத்து வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, வீட்டுக்குப் போகும் சாலையில் பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று அலுவலகங்களுக்குப் போன் செய்தோம். முதல் இரண்டு பேரும் அது எங்கள் சாலை இல்லை என்றார்கள், மூன்றாவது ஆள்தான் ஆமாம் என்றார், அதற்குள் அரை நாள் போய்விட்டது. அந்த அரை நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கிராமத் தொகுதியில் வாழ்வதில் பாதி வேலை, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவைத்திருப்பதுதான்.

முதலில், எந்தத் தொகுதி என்று உறுதிசெய்யுங்கள்

இங்கே தேர்தல் தொகுதியை எல்லோரும் ரைடிங் என்பார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 124 ரைடிங்குகள். அவற்றில் ஒன்றுதான் ஹாலிபர்ட்டன்–கவார்த்தா லேக்ஸ்–புரோக். பெயரிலேயே உள்ளடக்கம் இருக்கிறது: ஹாலிபர்ட்டன் கவுண்டி, கவார்த்தா லேக்ஸ் நகராட்சி, டர்ஹம் பிராந்தியத்தின் வடக்கு நுனியில் இருக்கும் புரோக் டவுன்ஷிப். கூடவே பீட்டர்பரோ கவுண்டியின் ஒரு பகுதியும் சேரும்.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தெற்கு ஒன்ராறியோவில் மாகாணத் தொகுதிகளுக்கும் மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் கொஞ்சக் காலம் ஒரே எல்லைதான் இருந்தது. பிறகு மத்திய எல்லைகளை மாற்றினார்கள், மாகாணம் தன்னுடையதை மாற்றவில்லை. அதனால் 2025 ஏப்ரலில் நடந்த மத்தியத் தேர்தலில் புரோக் இங்கிருந்து பிரிந்து யோர்க்–டர்ஹம் தொகுதிக்குப் போய்விட்டது, மிச்சம் இருந்தது ஹாலிபர்ட்டன்–கவார்த்தா லேக்ஸ் என்ற பெயரில் தனித் தொகுதியாகிவிட்டது. அதாவது நீங்கள் புரோக்கில் உள்ள பீவர்ட்டனிலோ கனிங்டனிலோ சண்டர்லாந்திலோ வீடு வாங்கினால், உங்கள் எம்பிபியும் கவார்த்தா லேக்ஸில் உள்ள லிண்ட்சேக்காரரின் எம்பிபியும் ஒருவரே, ஆனால் எம்பி (மத்திய நாடாளுமன்ற உறுப்பினர்) வேறு ஆள். பக்கத்து ஊர் நண்பர் சொன்ன பெயரை நம்பி எழுதாதீர்கள். இலெக்‌ஷன்ஸ் ஒன்ராறியோ தளத்தில் தபால் குறியீட்டைப் போட்டு மாகாணத் தொகுதியைப் பாருங்கள், இலெக்‌ஷன்ஸ் கனடா தளத்தில் மத்தியத் தொகுதியைப் பாருங்கள். கிராமப்புறத்தில் ஒரே தபால் குறியீடு பெரிய பரப்பை மூடும், எல்லையோரத்தில் இருந்தால் முழு முகவரியையும் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

ஒரு சனிக்கிழமை தொகுதியை ஓட்டிப் பாருங்கள்

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரொறன்ரோ நகரம் சுமார் 630 சதுர கிலோமீட்டர், அதற்குள் 25 மாகாணத் தொகுதிகள். இங்கே கவார்த்தா லேக்ஸ் மட்டும் 3,000 சதுர கிலோமீட்டர், ஹாலிபர்ட்டன் கவுண்டி இன்னொரு 4,000. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எம்பிபி. 2021 கணக்கெடுப்பில் கவார்த்தா லேக்ஸில் சுமார் 79,000 பேர், ஹாலிபர்ட்டனில் 20,500, புரோக்கில் 12,500. இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்: நிலம் வடக்கில் இருக்கிறது, வாக்கு தெற்கில் இருக்கிறது. அதனால் வடக்கே இருப்பவர்கள் தங்கள் குரல் லிண்ட்சேக்குக் கீழே கேட்பதில்லை என்று அடிக்கடி சொல்வார்கள், நியாயம் இல்லாத பேச்சு இல்லை அது.

சிம்கோ ஏரியின் கிழக்குக் கரையில் பீவர்ட்டனில் தொடங்குங்கள். சண்டர்லாந்து, கனிங்டன் பக்கமெல்லாம் சோளம், சோயா, மாட்டுப் பண்ணை. 7-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் லிண்ட்சே, தொகுதியின் பெரிய ஊர். அகலமான கென்ட் தெரு, ரொஸ் மெமோரியல் மருத்துவமனை, ஃபிளெமிங் கல்லூரியின் ஃபிரொஸ்ட் வளாகம் எல்லாம் இங்கேதான். அங்கிருந்து 35-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறுங்கள். ஃபெனலன் ஃபால்ஸ், போல்சம் ஏரி, கோபோகொங்க், நோர்லாண்ட் என்று போகப்போக வயல் மெல்ல மறைந்து, சாலையின் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட கருங்கல் பாறை எழும்பும். அங்கே தொடங்குவது கனடியப் பாறைக் கவசம். அதற்கு மேல் விவசாயம் இல்லை, காடும் ஏரியும் காட்டேஜ் என்னும் விடுமுறை வீடுகளும்தான். மிண்டன், ஹாலிபர்ட்டன், கடைசியில் டோர்செட்.

இந்தப் பாறை தொடங்கும் கோடுதான் தொகுதியின் அரசியலையும் இரண்டாகப் பிரிக்கிறது என்பது என் எண்ணம். தெற்கே பேச்செல்லாம் பண்ணை நிலம், புதுக் குடியிருப்பு, ரொறன்ரோவுக்குப் போய்வரும் சாலை. வடக்கே ஏரி மட்டம், மருத்துவமனை, வாடகைக்கு வீடு கிடைக்காமல் கடைகளுக்கு ஆள் கிடைக்காதது. ஒரே வேட்பாளர் இரண்டு இடத்திலும் பேச வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

இங்கேதான் நேரம் எடுத்துப் படியுங்கள்.

கவார்த்தா லேக்ஸ் பெயரளவில் நகரம், ஆனால் அதற்குள் ஊர்கள், ஏரிகள், பண்ணைகள் எல்லாம் அடக்கம். பழைய விக்டோரியா கவுண்டியில் இருந்த சிறு ஊராட்சிகளை எல்லாம் மாகாணம் 2001-இல் ஒன்றாக இணைத்து இதை உருவாக்கியது. மக்களுக்கு அது பிடிக்கவில்லை. 2003-இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிந்துபோக வேண்டும் என்றுதான் சிறு பெரும்பான்மை சொன்னது, மாகாணம் ஏற்கவில்லை. வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் இந்தக் கதை வரும். நடைமுறையில் உங்களுக்கு இதனால் ஒரு வசதி: சாலை, தண்ணீர், குப்பை, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் ஒரே நகராட்சி.

ஹாலிபர்ட்டனில் அப்படி இல்லை. அங்கே இரண்டு அடுக்கு. மேலே கவுண்டி, கீழே நான்கு ஊராட்சிகள்: மிண்டன் ஹில்ஸ், டைசார்ட் எட் ஆல், அல்கொன்குயின் ஹைலாண்ட்ஸ், ஹைலாண்ட்ஸ் ஈஸ்ட். (டைசார்ட் எட் ஆல் என்பது எழுத்துப்பிழை இல்லை, பல டவுன்ஷிப்புகள் சேர்ந்ததால் வந்த சட்டப்படியான பெயர், ஹாலிபர்ட்டன் ஊர் அதற்குள்தான் இருக்கிறது.) புரோக்கும் இரண்டு அடுக்கு: கீழே டவுன்ஷிப், மேலே டர்ஹம் பிராந்தியம்.

இதை வைத்துச் சாலையைப் பாருங்கள். 7, 12, 35, 48, 118 போன்ற எண் போட்ட மாகாண நெடுஞ்சாலைகளில் பனி அள்ளுவது மாகாணத்தின் பொறுப்பு. அவற்றின் நிலையை 511-ஐ அழைத்துத் தெரிந்துகொள்ளலாம். கவுண்டி சாலை என்றால் கவுண்டி. மற்றது ஊராட்சி. இவை எதிலும் சேராத தனியார் சாலைகளும் ஏரிக்கரைகளில் ஏராளம், அவற்றை யாரும் வந்து பெருக்க மாட்டார்கள், அங்கே வீடு வைத்திருப்பவர்கள் கூடிப் பணம் போட்டு ஆள் வைப்பார்கள். வீடு வாங்கும் முன் விற்பனை முகவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இந்தச் சாலையை ஆண்டு முழுவதும் ஊராட்சி பராமரிக்கிறதா? கோடையில் மட்டும் என்ற பதில் வந்தால், ஜனவரியில் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் ஏரி. மிண்டனிலும் ஹாலிபர்ட்டனிலும் இருக்கும் பல ஏரிகளின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது ஊராட்சியும் இல்லை, மாகாணமும் இல்லை. ட்ரென்ட்–செவர்ன் நீர்வழி என்று ஒன்று, ஒன்ராறியோ ஏரிக் கரையில் ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் வளைகுடாவில் போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீட்டர் போகிறது. படகுகளை ஏற்றி இறக்கும் அதன் மதகுத் தொட்டிகள் (லொக்) பொப்கேஜன், ஃபெனலன் ஃபால்ஸ், லிண்ட்சே ஊர்களுக்கு நடுவிலேயே இருக்கின்றன. அந்த நீர்வழிக்குக் கோடையில் தண்ணீர் குறையாமல் பார்க்க, வடக்கே உள்ள ஏரிகளை அணை போட்டுத் தேக்கிவைத்திருக்கிறார்கள். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் பார்க்ஸ் கனடா, அதாவது மத்திய அரசு. நம் ஊர்க் குளத்தில் மதகு யார் கையில் என்பது எவ்வளவு பெரிய விஷயமோ அதே அளவுதான் இங்கேயும். இலையுதிர் காலத்தில் உங்கள் படகுத்துறைக்குக் கீழே சேறு தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்கினால் எம்பிபியைத் திட்டிப் பயனில்லை, எம்பிக்கு எழுதுங்கள். ஆனால் 2013 ஏப்ரலில் மிண்டனில் நடந்ததுபோல் கல் (Gull) என்ற ஆறு பெருகி வெள்ளம் வந்தால், அவசரநிலை அறிவிப்பது ஊராட்சி, இழப்பீட்டு உதவித் திட்டம் மாகாணத்திடம். ஒரே தண்ணீருக்கு மூன்று கதவு.

மீன் பிடிக்கப் போகும் நம்மவர்கள் இதையும் கவனியுங்கள். உரிமம் தருவது மாகாணம். இந்த ஒரு தொகுதிக்குள் மூன்று மீன்பிடி வலயங்கள் வந்து போகின்றன: ஹாலிபர்ட்டன் பக்கம் 15, சிம்கோ ஏரி 16, கவார்த்தா ஏரிகள் 17. எந்த மீனை எந்த மாதம் பிடிக்கலாம், எத்தனை பிடிக்கலாம் என்பது வலயத்துக்கு வலயம் மாறும். பீவர்ட்டனில் சரியாக இருந்த பிடி ஃபெனலன் ஃபால்ஸில் அபராதம் ஆகலாம்.

போலீசும் ஒன்று இல்லை. புரோக்கில் டர்ஹம் பிராந்தியப் போலீஸ், லிண்ட்சேயில் கவார்த்தா லேக்ஸ் போலீஸ், மற்றப் பெரும்பாலான இடங்களில் மாகாணப் போலீசான ஓபிபி. அவசரத்துக்கு 911 எல்லோருக்கும் ஒன்றுதான், அவசரம் இல்லாத எண்ணைத்தான் தனித்தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

கிணற்று நீர் என்றால், வீட்டுக் கிணறு உங்கள் பொறுப்பு. ஆனால் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று மாகாண ஆய்வுக்கூடத்தில் இலவசமாகப் பார்த்துத் தருவார்கள், பொதுச் சுகாதார அலுவலகத்தில் போத்தல் வாங்கி நிரப்பிக் கொடுத்தால் போதும். வந்த முதல் வாரமே செய்யுங்கள், பனி உருகும் வசந்தத்தில் மறுபடி செய்யுங்கள்.

மருத்துவமனை பற்றித் தனியாக

மிண்டனில் ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவு இருந்தது. 2023 ஏப்ரலில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள், ஜூன் 1-இல் மூடியே விட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி இரண்டு ஊர்களின் அவசரப் பிரிவையும் ஹாலிபர்ட்டனில் ஒன்றாக்கினார்கள். அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவே ஆறு வாரம்தான். ஊரே தெருவுக்கு வந்தது, ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சேர்ந்தது, சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிகள் கேள்வி கேட்டன, முடிவு மாறவில்லை. பிறகு அதே இடத்தில் அவசரமில்லாத உடனடிச் சிகிச்சைக்கு ஒரு நிலையம் வந்தது. மிண்டனிலிருந்து ஹாலிபர்ட்டன் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நகரத்தில் அது ஒன்றுமே இல்லை, பனிப்புயலில் நெஞ்சு வலிக்கும் ஆளுக்கு அது உயிர்த் தூரம். எனக்கு இன்றும் இது ஆறவில்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனையை நடத்துவது அதன் நிர்வாகக் குழு, பணம் தருவது மாகாணம். அதனால் இருவரும் மற்றவரைக் காட்ட முடியும். மருத்துவமனை தொடர்பாக எழுதும்போது எம்பிபிக்கும், சுகாதார அமைச்சருக்கும், நிர்வாகக் குழுவுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், மூவருக்கும் போயிருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போங்கள். முடிவு எடுத்த பிறகு கத்துவதைவிட எடுக்கும் முன் போய் உட்கார்ந்திருப்பது மேல்.

குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் வந்தவுடனே மாகாணத்தின் ஹெல்த் கேர் கனெக்ட் பட்டியலில் பெயர் கொடுங்கள். காத்திருப்பு நீளும், அதனால் ரொறன்ரோவில் இருக்கும் பழைய டாக்டரை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

முகவரியைக் காகிதத்தில் ஏற்றுங்கள்

வீடு மாறினால் வாகன ஓட்டுநர் உரிமத்தில் 6 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம், ஹெல்த் கார்டுக்கு 30 நாள். சர்வீஸ் ஒன்ராறியோ தளத்திலேயே முடித்துவிடலாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, வாக்களிக்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய காகிதமும் இதுதான்.

கிராமப்புறத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல சிற்றூர்களில் வீட்டுக்குத் தபால் வராது, தபால் நிலையத்தில் பெட்டி எடுத்துக்கொள்வோம். அப்புறம் வங்கி, மின்சாரம், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டி எண்ணே முகவரியாகிவிடும். வாக்குச்சாவடியில் பெட்டி எண் செல்லாது, நீங்கள் குடியிருக்கும் இடத்தின் முகவரி வேண்டும். வீட்டு வாசலில், சாலையோரக் கம்பத்தில் ஒரு எண் பலகை இருக்கும், அதைத்தான் இங்கே 911 எண் என்பார்கள். ஆம்புலன்ஸ் தேடி வருவதும் அதை வைத்துத்தான். குறைந்தது ஒரு பில்லிலாவது பெயரோடு அந்த எண்ணும் சாலைப் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனி மூடினால் பலகையைத் துடைத்தும் விடுங்கள்.

அடுத்து வாக்காளர் பட்டியல். கனடியக் குடியுரிமை, தேர்தல் நாளில் 18 வயது, ஒன்ராறியோவில் குடியிருப்பு, இவ்வளவுதான் தகுதி. இலெக்‌ஷன்ஸ் ஒன்ராறியோ தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பழைய முகவரியில் இருந்தால் மாற்றுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து மாகாணத் தேர்தலுக்கும் நகராட்சித் தேர்தலுக்கும் ஒரே பட்டியல்தான், ஒருமுறை செய்தால் இரண்டுக்கும் ஆகும். வீட்டில் 16, 17 வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வருங்கால வாக்காளர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, இப்போதே சேர்த்துவிடலாம்.

காட்டேஜ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு

மார்க்கம் நகரில் வீடு, கவார்த்தாவில் காட்டேஜ் என்று இருப்பவர்கள் மாகாணத் தேர்தலில் எங்கே வாக்களிப்பது? நிரந்தர வீடு இருக்கும் இடத்தில் மட்டும். கோடை முழுவதும் இங்கே இருந்தாலும், வரி கட்டினாலும், இந்தத் தொகுதியில் வாக்கு இல்லை. நகராட்சித் தேர்தல் அப்படி இல்லை. சொத்து வைத்திருக்கும் கனடியக் குடிமக்களும் அவர்களுடைய கணவன் மனைவியும் அந்த ஊராட்சியிலும் வாக்களிக்கலாம், சொந்த ஊரிலும் வாக்களிக்கலாம். வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2026 அக்டோபர் 26 நகராட்சித் தேர்தல் நாள். குறுகிய கால வாடகை, கழிவுத்தொட்டிப் பரிசோதனை போன்ற விதிகளை எல்லாம் போடுவது ஊராட்சி மன்றம்தான் என்பதால், காட்டேஜ்காரர்களுக்கு இந்த வாக்குத்தான் உண்மையில் வேலை செய்யும் வாக்கு.

நிரந்தரமாகவே காட்டேஜுக்குக் குடிவந்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. உரிமத்தையும் பட்டியலையும் மாற்றுங்கள், இனி நீங்கள் இந்தத் தொகுதிக்காரர்.

வாக்களிக்கும் நேரம் வந்தால்

2025 மாகாணத் தேர்தல் பிப்ரவரி 27-இல் வந்தது, 2026 ஜூன் மாதம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய திடீர். ஹாலிபர்ட்டனில் பிப்ரவரி என்றால் என்ன என்று ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தால் தெரியும். அதனால் என் ஆலோசனை ஒன்றே: தேர்தல் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களில் உங்கள் தொகுதியில் உள்ள எந்த முன்வாக்குச் சாவடிக்கும் போகலாம், வானிலை நன்றாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்துப் போய்வாருங்கள். தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் நேரில் போய் முன்னதாகவே வாக்களிக்கும் வழியும் உண்டு, ஆனால் அது எந்த ஊரில் என்று பார்த்துவிட்டுக் காரை எடுங்கள். தபாலில் வாக்களிக்க விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள், கிராமத்துத் தபாலின் வேகம் உங்களுக்கே தெரியும். தபால் சீட்டில் வேட்பாளர் பெயரை நீங்களே எழுத வேண்டியிருக்கும், கட்சிப் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

தேர்தல் நாளில் காலை 9 முதல் இரவு 9 வரை. அந்த நேரத்துக்குள் தொடர்ந்து மூன்று மணி நேரம் வாக்களிக்கக் கிடைக்கும்படி உங்கள் முதலாளி விட வேண்டும், இது சட்டம். இங்கிருந்து ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆங்கிலம் வராத அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்க ஒருவர் கூடப் போகலாம், அவர் அங்கே உறுதிமொழி எடுக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து வாக்கு வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். யாருமே பிடிக்கவில்லை என்றால் வாங்கிய சீட்டை அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்து, வாக்களிக்க மறுக்கிறேன் என்று சொல்லலாம், ஒன்ராறியோவில் அதையும் தனியாக எண்ணுவார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். 2022 தேர்தலில் மாகாணம் முழுவதும் சுமார் 44 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள், ஒன்ராறியோ வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைவு.

என் ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு

இது நீலத் தொகுதி, முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் கோட்டை, அதனால் போய் என்ன பயன் என்று வந்த நாளிலிருந்து கேட்பீர்கள். பெரும்பாலும் உண்மைதான். லிண்ட்சே வழக்கறிஞரான லெஸ்லி ஃபிரொஸ்ட் இங்கிருந்துதான் சட்டமன்றம் போய் 1949 முதல் 1961 வரை முதல்வராக இருந்தார். ஒன்ராறியோவில் பொது மருத்துவமனைக் காப்பீடு 1959-இல் தொடங்கியது அவர் ஆட்சியில். கல்லூரி வளாகத்துக்கு அவர் பெயர்தான். இப்போதைய எம்பிபி லோரி ஸ்கொட்டும் அதே கட்சி. தாதியாக இருந்தவர், அவருடைய அப்பா பில் ஸ்கொட் 1965 முதல் 1993 வரை இதே பகுதியின் எம்பியாக இருந்தவர். லோரி முதலில் 2003-இல் வென்றார், 2025-இலும் அவர்தான்.

ஆனால் கதை அவ்வளவு நேராக இல்லை. இந்தத் தொகுதியின் முன்னோடியான விக்டோரியா–ஹாலிபர்ட்டனில் 1975 முதல் 1990 வரை எம்பிபியாக இருந்த ஜோன் ஈக்கின்ஸ் லிபரல் கட்சிக்காரர். 1990-இல் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் டெனிஸ் ட்ரெய்ன்வில் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் வென்றார், பிறகு சூதாட்ட விடுதி விஷயத்தில் தன் கட்சி அரசோடு ஒத்துப்போக முடியாமல் அதை விட்டு விலகினார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 2009. பழமைவாதக் கட்சித் தலைவர் ஜோன் டோரிக்குச் சட்டமன்றத்தில் இடம் இல்லை, 2007-இல் ரொறன்ரோவில் தோற்றிருந்தார். அவருக்காக லோரி ஸ்கொட் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். பத்திரமான தொகுதி என்று எல்லோரும் நினைத்தார்கள். மார்ச் 5-ஆம் தேதி இடைத்தேர்தலில், பள்ளிச் சபையில் பணியாற்றிய உள்ளூர்க்காரரான லிபரல் வேட்பாளர் ரிக் ஜோன்சன் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றுவிட்டார். டோரி தலைமைப் பதவியை விட்டே போனார், பின்னாளில் ரொறன்ரோ மேயரானார். 2011-இல் ஸ்கொட் மறுபடி நின்று இடத்தைத் திரும்பப் பெற்றார். வெளியிலிருந்து யாரையும் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்று இந்த ஊரை எண்ணக் கூடாது என்பதை அன்றைக்குக் காட்டியவர்கள், ஒரு சில நூறு வீடுகளின் மனம் மாறிய அளவுக்கான வாக்காளர்கள்தான்.

எம்பிபி அலுவலகத்தைப் பயன்படுத்துங்கள்

யாருக்கு வாக்களித்தீர்கள் என்று அங்கே கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பிறப்புச் சான்றிதழ் மாதக்கணக்கில் வரவில்லை, ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்பீடு) நின்றுவிட்டது, ஊனமுற்றோர் உதவித்தொகை தள்ளுபடியானது, வேலையில் அடிபட்டதற்கான இழப்பீடு இழுத்தடிக்கப்படுகிறது என்பதுபோன்ற மாகாண விவகாரங்களில் அவர்கள் துறைக்குப் போன் செய்து கேட்பார்கள். முதலில் நீங்களே அந்தத் துறையில் முயன்றிருக்க வேண்டும். எந்தத் தேதி, யாரிடம் பேசினீர்கள், கோப்பு எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் சார்பில் விசாரிக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பயப்பட வேண்டாம். குடிவரவு, பாஸ்போர்ட், ஸ்பொன்சர் கோப்பு என்றால் அது எம்பி அலுவலகம். நம்மவர்கள் இந்த இரண்டையும்தான் அதிகம் மாற்றிப் போகிறார்கள்.

கொள்கை பற்றி எழுதுவதாக இருந்தால், ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி வரும் மின்னஞ்சலை முன்னனுப்பாதீர்கள். உங்கள் சாலை, உங்கள் பிள்ளையின் பள்ளிப் பஸ், உங்கள் 911 எண் போட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். இவ்வளவு குறைவான மக்கள் வாழும் ஊரில் அது உண்மையிலேயே படிக்கப்படும்.

குடியுரிமை இன்னும் வராதவர்கள்

வாக்கு இல்லை என்பதற்காக ஒதுங்கி நிற்க வேண்டாம். எம்பிபி அலுவலக உதவி உங்களுக்கும் உண்டு. ஊராட்சி மன்றக் கூட்டங்களுக்கு யாரும் போகலாம், அனுமதி கேட்டுப் பேசவும் செய்யலாம். பல கட்சிகளில் நிரந்தர வதிவுரிமை (பிஆர்) உள்ளவர்கள் உறுப்பினராகலாம், வேட்பாளர் தேர்வில் கலந்துகொள்ளலாம்.

ஆனால் நான் முதலில் போகச் சொல்வது திருவிழாக்களுக்கு. வசந்தத்தில் சண்டர்லாந்தின் மேப்பிள் சிரப் விழா, செப்டம்பர் தொடக்கத்தில் கின்மவுண்ட் சந்தை, அதே மாதம் லிண்ட்சே கண்காட்சி. எம்பிபி, எம்பி, மேயர், அடுத்த முறை நிற்கப்போகிறவர்கள் என்று எல்லோரும் அங்கே நடந்து திரிவார்கள். கையைக் கொடுத்து, இந்தச் சாலையில் இந்த எண்ணில் புதிதாக வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கின்மவுண்டில் வாகனம் நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.